பாலம் தகர்த்த படமும் பாதை போட்ட ஜனங்களும்

சென்ற மாதம் செம்பூரிலிருந்து ஓர் இளைஞர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். "இப்பகுதியில் தாங்கள் எப்போதும் கோயில் விழா, நாடகம், வீட்டுச் செலவு என்றே எழுதி வருகிறீர்கள். எங்களைப் போன்றவர்கள் விரும்பிப் பார்க்கும் இராணுவப் படங்களைப் பற்றி ஒரு முறையாவது எழுதலாகாதா?" என்பது அவருடைய கேள்வி. கேள்வி நியாயமானதே. அத்தகைய படங்களை நானும் விரும்பிப் பார்ப்பவன்தான். ஆகையால் இம்மாதம் அவர் விருப்பத்தையே விஷயமாக எடுத்துக் கொள்கிறேன். ஆனால் ஓர் இரயில்வே குமாஸ்தா எதைப் பற்றி எழுதத் தொடங்கினாலும் அது தண்டவாளத்தில்தான் வந்து நிற்கும் என்பதை அவர் முன்கூட்டியே பொறுத்தருள வேண்டும்.

இவ்வகைப் படம் என்றவுடன் நம் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது 2012-ம் ஆண்டில் ஏ. ஆர். முருகதாஸ் இயக்கி, விஜய் நடித்து வெளிவந்த 'துப்பாக்கி'. விடுமுறையில் மும்பைக்கு வரும் பட்டாள அதிகாரி, வீட்டாருக்கும் தெரியாமல் மறைந்திருக்கும் பகைவரை வேட்டையாடும் கதை அது. நாம் அன்றாடம் கூட்டத்தில் நசுங்கிச் செல்லும் ஊரிலேயே கதை நிகழ்வதால் தாராவியிலும் மாதுங்காவிலும் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

நாடு எதுவாயினும், பாஷை எதுவாயினும், இப்படங்களின் எலும்புக்கூடு ஒன்றே. ஓர் அறை, சுவரில் ஒரு தேசப்படம், அதன்மேல் பிரம்பை வைத்துப் பேசும் மேலதிகாரி. "பிடிபட்டால் உங்களை எங்களுக்குத் தெரியாது" என்று அவர் சொல்லாத படம் அபூர்வம். பிறகு ஐந்தாறு பேரைப் பொறுக்கி எடுப்பார்கள். ஒருவன் வெடிமருந்தில் வல்லவன்; ஒருவன் பகைவரின் பாஷை அறிந்தவன்; ஒருவன் வர மனமில்லாதவன்; ஒருவன் மீசை முளைக்காத சிறுபிள்ளை. அந்தச் சிறுபிள்ளை ஊர் திரும்ப மாட்டான் என்பது டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியும். காட்டில் வழிகாட்ட ஒரு பெண் வருவாள். முடிவில் தகர்க்க வேண்டியது ஒரு பீரங்கி, அல்லது கோட்டை, அல்லது பாலம். பாலமாயின், குறித்த நிமிஷத்தில் இரயில் வந்தே தீரும். காடோ, மழையோ, யுத்தமோ அந்த வண்டியைத் தாமதப்படுத்தியதாக நான் ஒரு படத்திலும் கண்டதில்லை. ஆனி ஆடி மழையில் சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே பாதையில் தண்ணீர் ஏறிய நாளில் பிரயாணிகளுக்குப் பதில் சொல்லிப் பார்த்தவர்கள், அந்தச் சினிமாக்காரர்களின் கால அட்டவணை தங்களுக்கும் கிடைக்காதா என்றுதான் ஏங்குவார்கள்.

இவ்வகைப் படங்களுக்கு மூத்த அண்ணன் என்று ஒன்றைச் சொல்லலாமென்றால், 1957-ம் ஆண்டில் டேவிட் லீன் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்தைச் சொல்வேன். சிறந்த படத்திற்கானது உள்பட ஏழு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' 1961-ல் வந்தது. 'வேர் ஈகிள்ஸ் டேர்' 1968-ல் வந்தது. அவையெல்லாம் இதன் தம்பிமார். கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரிடம் கைதிகளான ஆங்கிலேயச் சிப்பாய்களைக் கொண்டு சயாமில் ஓர் இரயில் பாலம் கட்டப்படுகிறது. கைதிகளின் தலைவரான கர்னல், பட்டாளத்தின் மானத்தைக் காப்பதாக எண்ணி, பகைவனுக்கே மிக நேர்த்தியான பாலத்தைக் கட்டிக் கொடுக்கிறார். மறுபுறம், அதைத் தகர்க்க இலங்கையிலிருந்து ஓர் இரகசியக் குழு புறப்படுகிறது. முதல் வண்டி பாலத்தில் ஏறும் வேளையில் வெடி வெடிக்கிறது. கர்னலாக நடித்த அலெக் கின்னஸின் முகத்தை ஒரு முறை பார்த்தவர் மறப்பது கடினம். படம் நல்ல படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைக் குறை கூறுவதற்காக இதை எழுதவும் இல்லை.

ஆனால் மெய்யாக நடந்தது வேறு. படத்தில் நாம் காணும் ஆறு சயாமில் இல்லை. அது இலங்கையில் கித்துல்கல என்னுமிடத்தில் ஓடும் களனி கங்கை. மெய்யான பாலம் சயாமில் காஞ்சனபுரிக்கு அருகே தாமர்க்கன் என்னும் இடத்தில் கட்டப்பட்டது. முதலில் மரத்தால் ஒன்று, பிறகு இரும்பால் ஒன்று என இரண்டு பாலங்கள். இரும்பு வளைவுகளை ஜப்பானியர் ஜாவாவிலிருந்து கொண்டு வந்தனர். எந்த இரகசியக் குழுவும் அவற்றைத் தகர்க்கவில்லை. 1945-ம் ஆண்டில் நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைக்கும்வரை அவற்றின்மீது வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதற்கு முன் 1944-ம் ஆண்டு நவம்பரில் விழுந்த குண்டுகள் குறி தவறி, பக்கத்து முகாமில் இருந்த கைதிகளையே கொன்றன. அங்கே தலைமை வகித்த மெய்யான ஆங்கிலேய அதிகாரி டூசி என்பவர், படத்துக் கர்னலைப் போல் பகைவனுக்கு ஒத்தாசை செய்யாமல், இயன்ற மட்டும் வேலையைத் தாமதப்படுத்தியவர். மரத்தூண்களை அரிக்கும்படி கைதிகள் கறையான்களைச் சேகரித்துக் கொண்டுவந்து விட்டார்களாம். நம் ஊர்க் கறையான் என்றால் காரியத்தை முடித்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை. பாலம் நின்ற ஆற்றின் பெயர் குவாய் அல்ல, மே குலோங். கதாசிரியர் பாதையின் பெரும்பகுதி செல்லும் ஆற்றின் பெயரைப் பாலத்துக்கும் சூட்டிவிட்டார். படம் பார்த்துவிட்டு வந்த பிரயாணிகள் "குவாய் எங்கே, குவாய் எங்கே" என்று கேட்கவே, சயாம் அரசாங்கத்தார் 1960-களில் அந்த ஆற்றுப் பகுதிக்கே பெயரை மாற்றி வைத்துவிட்டனர். சினிமா சரித்திரத்தைத் திருத்திய கதைகள் பல உண்டு; ஆற்றையே திருத்தியது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நாவலை 1952-ல் எழுதிய பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கை, படத்தைவிடச் சுவையானது. அவர் எழுத்தாளராகுமுன் மலாயாவில் இரப்பர் தோட்டத்தில் இன்ஜினீயராக வேலை பார்த்தவர். யுத்தம் வந்ததும் அவரே இரகசிய ஏஜென்டாகி, பொய்ப் பெயருடன் இந்தோசீனாவிற்குள் நுழைந்தார். பாலமும் இல்லை, வெடியும் இல்லை. அங்கிருந்த தம் நாட்டு அதிகாரிகளிடமே அகப்பட்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். 1944-ல் தப்பி வெளியேறினார். அவர் எழுதிய நாவலில்கூடப் பாலம் தகர்வதில்லை. அதைத் தகர்த்தது சினிமாக்காரர்களே.

மெய்யான இரகசியப் பணி பெரும்பாலும் இப்படித்தான் முடியும். இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1942-ல் பினாங்கில் இந்திய வாலிபர்களுக்கு உளவுப் பயிற்சி அளித்து, அவர்களுள் சிலரை ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி, இந்தியக் கரையில் இரகசியமாக இறக்கிவிட்டார்கள். திருவிதாங்கூரைச் சேர்ந்த வக்கம் அப்துல் காதர் மலபார்க் கரையில் தானூர் அருகே இறங்கினார். தகர்ப்பதற்கு எதையும் நெருங்குமுன்னரே அவர் பிடிபட்டார். 1943-ம் ஆண்டு செப்டம்பர் 10-ம் நாள் சென்னைச் சிறையில் அவரும் வேறு மூவரும் தூக்கிலிடப்பட்டனர். அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். அதே 1943-ல் இலங்கையிலிருந்து நீர்மூழ்கியில் மலாயாவுக்குச் சென்ற ஆங்கிலேயரின் உளவுக் குழுவைச் சேர்ந்த லிம் போ செங் என்ற சீனர், மறு ஆண்டில் பத்து காஜா சிறையில் மாண்டார். இவர்களுக்காவது பெயர் இருக்கிறது, நாள் இருக்கிறது.

இனி என் தண்டவாளத்துக்கு வருகிறேன். பாலத்தைப் பார்த்த நாம் பாதையைப் பார்க்கவில்லை. சயாமில் பான் பொங் என்னும் ஊரிலிருந்து பர்மாவில் தான்பியூசயாத் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர். மலை, காடு, மலேரியா. அறுநூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். தாமர்க்கன் அவற்றுள் ஒன்று. யுத்தத்துக்கு முன்பே வெள்ளைக்கார இன்ஜினீயர்கள் இந்த வழியைப் பார்த்துவிட்டு, மிகக் கடினம் என்று கைவிட்டிருந்தார்கள். ஜப்பானியர் 1942-ன் நடுவில் இரு முனையிலிருந்தும் வேலையைத் தொடங்கி, 1943-ம் ஆண்டு அக்டோபர் 17-ம் நாள் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட்டனர். பதினைந்து பதினாறு மாதங்களில் 415 கிலோமீட்டர் மலைப்பாதை! எங்கள் இலாகாவில் ஒரு மேம்பாலத்துக்கு மண் பரிசோதனை முடியவே அவ்வளவு காலம் ஆகும். தண்டவாளங்களில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனவை. மலாயாவில் இரயில் பாதைகள் போட்டதில் நம்மவர் உழைப்பு எவ்வளவு என்பது நேயர்கள் அறிந்ததே. அவர்கள் போட்ட தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பிறகு அவர்களையும் பெயர்த்தார்கள்.

படத்தில் பாலம் கட்டுபவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமே. மெய்யாக அப்பாதையில் வேலை செய்த நேசநாட்டுக் கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். இது பெருங்கொடுமை. ஆனால் அவர்களைத் தவிர ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியக் கூலிகள் அங்கே இருந்தார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர். இவர்களோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர். மாண்ட கூலிகளின் தொகை எழுபதினாயிரம் முதல் தொண்ணூறாயிரம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அதற்கு மேலும் சொல்வோர் உண்டு. மாண்ட ஆட்களின் கணக்கில் இருபதினாயிரம் முப்பதினாயிரம் ஏற்ற இறக்கம் வருகிறதே, அதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறேன். சாக்கு மூட்டைக் கணக்கில் இருபது குறைந்தால் எங்கள் அலுவலகத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

அவர்கள் எவ்வாறு போனார்கள்? மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, குடியிருப்பு என்று விளம்பரம் செய்தார்கள். யுத்தத்தால் இரப்பர் வாங்குவாரில்லை, தோட்டங்களில் அரிசியில்லை, முதலில் சிலர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு ஆள் சேராமற்போகவே, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று விதித்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார் முன்பே ஓடிவிட்டதால், ஆளைப் பொறுக்கிப் பட்டியல் எழுதும் வேலை தோட்டத்துக் கிராணிமார்மீதும் கங்காணிமார்மீதும் விழுந்தது. கிராணி என்பது அங்கே குமாஸ்தாவுக்குப் பெயர். யாருக்குப் பிள்ளைகுட்டி இல்லை, யார் கிராணியோடு சண்டை போட்டவன் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இடம் பெற்றிருக்கும் என்று ஊகிப்பதற்குப் பெரிய கற்பனை தேவையில்லை. பேனா பிடித்துப் பிழைக்கும் எனக்கு இந்த இடம் வாசிக்கச் சற்றுக் கடினமாகவே இருந்தது.

அதுவும் போதாதபோது வேறோர் உபாயம் செய்தார்கள். இலவசச் சினிமா என்று தமுக்கடித்தார்கள். ஜனங்கள் கொட்டகைக்குள் கூடியதும் கதவைச் சாத்தி, ஆண்களைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். தப்பி வந்தவர்கள் இதைச் சொல்ல, வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். படம் பார்க்கப் போனவர்கள்தாம், ஐயா. நம்மைப் போல, வேலை முடிந்து முகம் கழுவிக்கொண்டு படம் பார்க்கப் போனவர்கள்.

அடைத்த சரக்கு வண்டிகளில் நாட்கணக்கில் பிரயாணம். கைதிகளையும் கூலிகளையும் இவ்வாறே கொண்டு போனார்கள். சரக்கு வண்டி வெயிலில் நின்றால் உள்ளே எப்படி இருக்கும் என்பது வாடி பந்தர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் வர்ணிக்க வேண்டியதில்லை. இறங்கியபின் காட்டுக்குள் கால்நடை. 1943-ம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா பரவியது. கைதிகளுக்கு மருந்து இல்லாவிட்டாலும் வைத்தியர் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கக்கூஸ் குழியை மூடு என்று ஆணையிடும் அதிகாரிகள் இருந்தார்கள். கூலிகளின் முகாம்களில் இவை எதுவுமில்லை. மனைவி மக்களோடு வந்தவர்களும் இருந்தனர். முழு முகாமே அழிந்த இடங்கள் உண்டு. ஒருவரை ஒருவர் புதைப்பதற்கும் ஆளில்லாமற்போயிற்று.

இனிச் சொல்லப்போவதைத்தான், படம் விரும்பும் என் இளைய நண்பர் ஊன்றிப் படிக்க வேண்டும். கைதிகளின் அதிகாரிகள் மாண்டவர்களின் பெயர், பட்டாள எண், புதைத்த இடம் ஆகியவற்றைக் கிடைத்த துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தார்கள். எழுதியது தெரிந்தால் உயிர் போகும். மூங்கில் குழாயில் அடைத்து ஒளித்தார்கள்; கல்லறைக்குள்ளேயே புதைத்தும் வைத்தார்கள். யுத்தம் முடிந்த 1945-ல் ஒரு தேடற்குழு அதே இரயிலில் ஏறி, அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. இன்று காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 6,982 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள்; வெட்டிய புல், வரிசையான கற்கள், கற்களில் பெயர்கள். இதுவும் ஓர் இரகசியப் பணிதானே? வெடிமருந்து இல்லை; பென்சில் துண்டு ஒன்றுதான். இதைப் படமாக எடுக்க எவரும் முன்வரவில்லை.

நம்மவர்களின் பெயரை எழுதி வைப்பார் இல்லை. தோட்டத்துப் பட்டியல்கள் எங்கே போயின என்று கேட்பாரும் இல்லை. 1990-ல் காஞ்சனபுரிக்கு அருகே கரும்புக் கொல்லை ஒன்றில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் அகப்பட்டன. அவை ஆசியக் கூலிகளுடையவை என்ற அளவில் செய்தி நின்றுவிட்டது. பியேர் பூல் மலாயாத் தோட்டத்தில் இருந்தவர்; இரப்பர் மரத்தடியில் தினமும் தமிழரைப் பார்த்திருக்கக் கூடியவர். அவர் நாவலிலிருந்து பிறந்த படத்தில் பாலத்தடியில் ஒரு தமிழர் முகமும் இல்லை.

தாராவியில் எங்களுக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். அவருடைய தாய்மாமன் மலாயாத் தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து 'சயாமுக்குப் போனவர்'. வீட்டில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ஒரு நாள் நான் இந்தப் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஆச்சி கேட்டார்: "போனவுக எந்த நாள்ல செத்தாகன்னு அந்தப் பொஸ்தகத்துல போட்டுருக்கா, தம்பி? நாள் தெரிஞ்சாத்தானே திதி குடுக்க முடியும்?" நாள் தெரியாததால் ஒவ்வோர் ஆண்டும் ஆடி அமாவாசையன்று மாஹிம் கடற்கரையில் அவருக்கும் சேர்த்துத் தர்ப்பணம் நடக்கிறது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. போடவில்லை ஆச்சி என்றேன்.

மலேசியத் தமிழர்கள் இதை மறக்கவில்லை. ஆர். சண்முகம் அவர்கள் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார். அ. ரெங்கசாமி அவர்களின் 'நினைவுச் சின்னம்' என்ற நாவலும் இதே பாதையைப் பற்றியதுதான். இரண்டையும் நம் சங்க நூலகத்துக்கு வாங்க வேண்டுமென்று காரியதரிசி அவர்களைக் கேட்டுக் கொள்கிறேன். சயாமில் வாழும் தமிழர்களின் முயற்சியால் அண்மை ஆண்டுகளில் காஞ்சனபுரியிலுள்ள புத்த ஆலயம் ஒன்றில் நடுகல் நாட்டப்பட்டிருக்கிறது. பாதையின் பர்மாப் பகுதியை யுத்தத்துக்குப்பின் பெயர்த்துவிட்டார்கள். சயாம் பகுதியில் நாம் தோக் என்னும் ஊர்வரை, ஏறத்தாழ 130 கிலோமீட்டர், வண்டி ஓடுகிறது. உல்லாசப் பிரயாணிகள் பாலத்தின்மேல் நின்று படம் பிடித்துக் கொள்கிறார்கள். செம்பூர் நண்பர் என்றாவது போனால் அவரும் பிடித்துக் கொள்ளட்டும், தவறில்லை. அதே ஊரில் அந்த நடுகல்லையும் பார்த்து வரட்டும்.

நம் வீடுகளில் மும்பைக்கு வருமுன் இலங்கை, ரங்கூன், பினாங்கு என்று போனவர்கள் இல்லாத குடும்பம் குறைவு. 1942, 1943-ம் ஆண்டுகளில் மலாயாவிலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், சங்க அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், மலாயாவில் எந்தத் தோட்டம், கடைசியாகக் கடிதம் வந்த மாதம். தெரிந்த அளவு போதும். தோட்டத்தின் பெயரை வீட்டிலுள்ள முதியவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதுங்கள். நீங்களாகத் திருத்த வேண்டாம். அலுவலகத்தில் நீளப் பதிவேடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முதல் வரியில் ஆச்சியின் மாமன் பெயரை எழுதியாயிற்று. தேதிக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.